விண்ணப்பித்த நாளா, அனுமதி கிடைத்த நாளா? விதி மாறும்போது மனைக்காரருக்கு எந்த உரிமை மிஞ்சும்?

#1 — ஏரிக்கரைத் தெரு

அனைவருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே, பெருநகரப் பகுதிக்குள் வரும் ஓர் ஊரில் எனக்கு 11 சென்ட் மனை இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் 1994-இல் என் தந்தையார் கிரயம் பெற்றது. பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது. வில்லங்கச் சான்றில் எந்தக் குறையும் இல்லை. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுத்து, 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் அந்த இடம் குடியிருப்பு உபயோகப் பகுதியாகவே காட்டப்பட்டிருக்கிறது.

தரைத்தளத்தில் வண்டி நிறுத்தமும் மேலே மூன்று தளங்களுமாக, ஆறு குடும்பங்கள் இருக்கக்கூடிய ஒரு கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கேட்டு 14 மாதங்களுக்கு முன் விண்ணப்பித்தேன். மூன்று முறை குறை சுட்டிக் கடிதம் வந்தது. முதல் முறை சாலையின் அகலத்துக்குச் சான்று கேட்டார்கள். இரண்டாம் முறை, புலப்படத்தின் நகல் ஆறு மாதத்துக்கு முந்தையது, புதியது வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை மீண்டும் சாலையின் அகலத்தையே கேட்டார்கள். முதல் முறை கொடுத்த சான்று கோப்பில்தான் இருந்தது, அதன் பக்க எண்ணைக் குறிப்பிட்டே பதில் எழுதினேன்.

சென்ற வாரம் நேரில் போனபோது, புதிய முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது, ஏரியை ஒட்டிய உங்கள் தெருவைத் திறந்தவெளியாக மாற்றும் யோசனை இருக்கிறது, ஆகவே சற்றுப் பொறுத்திருங்கள் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. இதற்கிடையில் மண் பரிசோதனை முடித்து, ஆழ்துளைக் கிணறும் போட்டுவிட்டேன். வங்கிக் கடனுக்கான முன்கட்டணமும் கட்டியாகிவிட்டது.

என் கேள்வி இதுதான். நான் விண்ணப்பித்த நாளில் என் நிலத்தில் கட்டடம் கட்டலாம் என்று விதி சொன்னது. நாளை அந்த விதி மாறினால், விண்ணப்பித்த நாளின் விதிப்படி கட்டும் உரிமை எனக்கு உண்டா?

#2 — செங்கை வழக்கறிஞர்

ஐயா, இதற்கான நேரான பதில் மனத்துக்கு ஆறுதல் தராது; ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விண்ணப்பித்த நாளில் இருந்த விதிப்படிதான் அனுமதி தர வேண்டும் என்று கேட்கும் உரிமை, பொதுவாக, நம் நாட்டில் விண்ணப்பதாரருக்கு இல்லை. அனுமதி வழங்கப்படும் நாளில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறதோ அதன்படிதான் வரைபடம் அங்கீகரிக்கப்பட வேண்டும். புனே கண்டோன்மென்ட் பகுதியில் அடுக்குமாடி கட்ட விரும்பியவர்கள் தொடுத்த உஸ்மான் கனி வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பின் வந்த தீர்ப்புகள் பெரும்பாலும் அதே தடத்தில்தான் சென்றிருக்கின்றன.

இந்தக் கொள்கையின் வேர்களில் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1977 டிசம்பரில், தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 8-சி என்ற புதிய விதியைச் சேர்த்து, கருப்பு கிரானைட் வெட்டத் தனியாருக்குக் குத்தகை தருவதை அரசு நிறுத்தியது. அதற்கு முன்பே மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள், எங்கள் மனுவைப் பழைய விதிப்படிதான் பார்க்க வேண்டும், தாமதம் உங்களுடையது என்று வாதிட்டார்கள். ஹிந்த் ஸ்டோன் வழக்கு என்று நாங்கள் குறிப்பிடும் அந்த வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுவை நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தக் கடமை இருப்பதாலேயே, மனுக் கொடுத்த நாளின் விதியைப் பொருத்தக் கேட்கும் உரிமை மனுதாரருக்குப் பிறந்துவிடாது என்று கூறிவிட்டது. கனிமக் குத்தகைக்குச் சொன்ன அந்தக் கருத்து, பின்னாளில் கட்டட அனுமதி வழக்குகளிலும் எடுத்தாளப்பட்டது.

ஹவுரா மாநகராட்சிக்கும் கேஞ்சஸ் ரோப் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு இன்னும் கடுமையானது. கூடுதல் தளங்களுக்கு அனுமதி கேட்ட மனுவை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றமே கெடு விதித்திருந்தது. ஆயினும் இடையில் உயரக் கட்டுப்பாடு வந்துவிட்டது. நீதிமன்றம் கெடு விதித்த காரணத்தால் நிலைபெற்ற உரிமை, அதாவது பின்னால் விதி மாறினாலும் பறிபோகாத உரிமை, எதுவும் உண்டாகவில்லை என்று 2003-இன் இறுதியில் உச்ச நீதிமன்றம் கூறியது. நெடுநாளாக மனத்தில் ஊன்றிப்போன எதிர்பார்ப்பு வேறு, சட்டத்தில் நிலைபெற்ற உரிமை வேறு என்பதே அதன் சாரம்.

இத்தனையும் சொன்ன பிறகு, உங்களுக்குச் சாதகமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த விஜயலட்சுமி வழக்கில் 2006-இல் அதே உச்ச நீதிமன்றம், குடியிருப்புப் பகுதியில் வீடு கட்டும் உரிமை மதிப்பு வாய்ந்த உரிமை என்றும், சட்டத்தில் தெளிவான வகைமுறை இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்றும், வரைபடத்தை நடைமுறையில் இருக்கும் சட்டப்படிதான் பரிசீலிக்க வேண்டும் என்றும், நாளை வரப்போகும் திட்டத்தைக் காரணம் காட்டி முடிவை ஒத்திப்போடக் கூடாது என்றும் கூறியது. அரசமைப்பின் 300-ஏ உறுப்பு, சட்டத்தின் வழியாக அன்றி ஒருவரது சொத்தைப் பறிக்கலாகாது என்கிறது. உங்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட "யோசனை" சட்டம் ஆகாது.

ஆகவே உங்கள் நிலை இப்படி இருக்கிறது: புதிய திட்டம் சட்டப்படி நடைமுறைக்கு வந்துவிட்டால் பழைய விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மிகக் கடினம், அது வருவதற்கு முன் உங்கள் மனுவை நிறுத்தி வைப்பது அலுவலகத்துக்குக் கடினம். நடுவில் இருக்கும் இந்தக் காலம்தான் உங்கள் கையில் இருக்கிறது.

#3 — ஓய்வுபெற்ற திட்ட அலுவலர்

வழக்கறிஞர் சொன்னது சரிதான். ஆனால் கோப்புகளோடு நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கர்நாடகத்திலிருந்து வந்த விஜயலட்சுமி வழக்கின் தீர்ப்பை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 49-ஆம் பிரிவு, அனுமதி தரும்போது திட்டக் குழுமம் எவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சொல்கிறது. எந்த நோக்கத்துக்கு அனுமதி கேட்கப்படுகிறது, அந்த இடம் அதற்கு ஏற்றதா என்பவற்றோடு, அந்தத் திட்டப் பகுதியின் எதிர்கால வளர்ச்சியும் அதில் வருகிறது. "எதிர்கால வளர்ச்சி" என்ற அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு, புதிய திட்டம் வரப்போகிறது என்பதை ஒரு காரணமாக எழுதும் அலுவலர் முற்றிலும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதை அவர் எழுத வேண்டும். மறுக்கிறேன் என்று எழுதி, காரணத்தைப் பதிவு செய்தால், மேல்முறையீடு செய்ய உங்களுக்கு வழி பிறக்கும். எழுதாமல் "பொறுத்திருங்கள்" என்று சொல்வதில் உங்களுக்கு எந்த வழியும் இல்லை. என் பணிக்காலத்தில் நான் கண்ட பெரிய அநீதி மறுப்பு ஆணைகளில் இருந்ததில்லை. ஆணையே பிறக்காமல் கோப்புகள் மேசையில் கிடந்ததில்தான் இருந்தது. நானும் சில கோப்புகளை அப்படி வைத்திருந்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. வேலைப்பளு என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விதி மாற்றம் எப்போதும் மனைக்காரருக்கு எதிராகவே அமைவதும் இல்லை. 2019 பிப்ரவரியில் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது, சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5-இலிருந்து 2 ஆக உயர்ந்தது. உங்கள் 11 சென்ட், அதாவது ஏறத்தாழ 4,790 சதுர அடி மனையில், முன்பு சுமார் 7,190 சதுர அடி கட்ட முடிந்த இடத்தில் இப்போது சுமார் 9,580 சதுர அடி கட்டலாம். அன்று மனுவோடு காத்திருந்தவர்கள் புதிய விதியின் பயனைக் கேட்டார்களே தவிர, விண்ணப்பித்த நாளின் விதிதான் வேண்டும் என்று யாரும் என்னிடம் வந்து நிற்கவில்லை. அனுமதி நாளின் விதி என்ற கொள்கை இரண்டு பக்கமும் வெட்டும்.

#4 — முடிச்சூர்வாசி

கேள்வி கேட்டவரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் "ஏரியை ஒட்டிய தெரு" என்ற ஒரு சொல்லை அவர் போகிற போக்கில் எழுதிவிட்டார். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

2015 டிசம்பரில் எங்கள் வீட்டின் முதல் தளப் படிக்கட்டில் ஏழாவது படி வரை தண்ணீர் நின்றது. என் மாமியாரை நாற்காலியோடு தூக்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். அந்த வீட்டுக்கு அனுமதி உண்டு, பட்டா உண்டு, வங்கிக் கடனும் உண்டு. தண்ணீருக்கு அவற்றில் எதுவும் தெரியவில்லை. எந்தக் காலத்திலோ ஒரு வரைபடத்தில் குடியிருப்பு என்று நிறம் தீட்டிவிட்டார்கள் என்பதற்காக அந்த நிறம் என்றென்றைக்கும் மாறக் கூடாது என்றால், நாம் கற்றுக்கொண்ட பாடத்தை எங்கே கொண்டுபோய் எழுதுவது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் அதைச் சுற்றி எவ்வளவு கட்டிவிட்டார்கள் என்பதை வேளச்சேரி வழியாகப் போகிற எவரும் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கட்டடங்களில் அனுமதி பெற்றவையும் இருக்கின்றன.

உரிமை நிலைபெறுவதற்கு முன் விதியை மாற்றும் அதிகாரம் அரசுக்கு இருக்கத்தான் வேண்டும். விண்ணப்பம் கொடுத்த உடனே உரிமை நிலைபெற்றுவிடும் என்றால், புதிய விதி வரப்போகிறது என்ற செய்தி கசிந்த மறுநாளே ஆயிரம் விண்ணப்பங்கள் வந்து குவியும்.

#5 — ஏரிக்கரைத் தெரு

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் மனைக்கும் ஏரியின் கரைக்கும் இடையே இரண்டு தெருக்களும் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கின்றன. 2015-இல் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று மறுநாள் வடிந்தது. அதனால் ஆபத்தே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. நீரியல் அறிந்தவர்கள் ஆய்ந்து, இங்கே கட்டக் கூடாது என்று முடிவு செய்து, அதை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபனைகளைக் கேட்டு, பிறகு விதியாக்கினால் நான் தலைவணங்குவேன். என் தெருவில் ஏற்கெனவே 22 வீடுகள் இருக்கின்றன. காலி மனை எனது ஒன்றுதான். அந்த 22 வீடுகளும் இருந்துகொண்டே இருக்கும், என் 11 சென்ட் மட்டும் திறந்தவெளி ஆகும் என்றால், வெள்ளத்தைத் தடுக்கும் பாரத்தை நான் ஒருவன் சுமப்பது போல் ஆகிவிடுகிறது. நான் கேட்பது இந்த நியாயத்தைத்தான்.

#6 — ஓய்வுபெற்ற திட்ட அலுவலர்

அந்த 22 வீடுகளுக்கு இருக்கும் பாதுகாப்பு, நான் முன்பு சொன்ன 1971 சட்டத்தின் 47-ஆம் பிரிவில் இருக்கிறது. திட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் ஒரு நிலம் அல்லது கட்டடம் எந்தப் பயன்பாட்டில், எந்த அளவுக்கு இருக்கிறதோ, அது தொடர்வதற்குத் திட்டம் குறிப்பிடும் காலத்துக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டு இடம் தரலாம் என்கிறது அந்தப் பிரிவு. காலி மனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏனென்றால் தொடர்வதற்கு அங்கே பயன்பாடு ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லும் ஏற்றத்தாழ்வு உண்மையானது.

ஆனால் உங்கள் நிலம் பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டால் 38-ஆம் பிரிவை மறக்காதீர்கள். திட்டம் தயாரிக்கப்பட்டது பற்றி 26 அல்லது 27-ஆம் பிரிவின்படி அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் அந்த நிலத்தைக் கையகப்படுத்துவதற்கான அறிவிக்கை வெளியிடாமலும், உடன்பாட்டின் மூலம் வாங்காமலும் இருந்தால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும். பூங்கா என்று வரைபடத்தில் பச்சை தீட்டிவிட்டு, காசும் கொடுக்காமல் 20 ஆண்டுகள் உரிமையாளரைக் காக்க வைப்பதற்கு எதிராக வைத்த காவல் அது. இது தெரியாமல் ஒதுக்கீட்டுக்குள் கிடக்கும் மனைகளை அடிமாட்டு விலைக்கு விற்றவர்களை நான் அறிவேன்.

#7 — சியாட்டில் பொறியாளர்

நான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். முடிச்சூர் அம்மையார் அஞ்சும் ஏற்பாடு இங்கே சட்டமாகவே இருக்கிறது. முழுமையான விண்ணப்பத்தை, அன்றைய விதிக்குப் பொருந்தும்படி கொடுத்துவிட்டால், கொடுத்த நாளிலேயே உரிமை நிலைபெறும். மறுவாரம் விதி மாறினாலும் பழைய விதிதான் செல்லும். ஹல் எதிர் ஹண்ட் என்ற 1958-ஆம் ஆண்டு வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 1987-இல் சட்டமன்றம் அதைச் சட்டமாக இயற்றியது. யார் எவ்வளவு செலவழித்தார், யார் நல்லெண்ணத்தோடு நடந்தார் என்று ஒவ்வொரு வழக்கிலும் துருவிக்கொண்டிருப்பதைவிட, எவரும் சரிபார்க்கக்கூடிய ஒரு நாள் இருப்பது நல்லது என்பதே அதற்குச் சொன்ன நியாயம்.

தெற்கே கலிபோர்னியா வேறு துருவத்தில் நின்றது. அவ்கோ என்ற நிறுவனம் ஆரஞ்சு மாவட்டக் கடலோரத்தில் மண் வேலை, சாலை, வடிகால் என்று 20 லட்சம் டாலருக்கு மேல் செலவு செய்திருந்தது. ஆனால் கடலோரப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தபோது, 1973 பிப்ரவரி 1-இல், அதன் கையில் கட்டட அனுமதி இல்லை. செலவு செய்ததால் மட்டும் உரிமை நிலைபெறாது என்று 1976-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதன் பின்விளைவாகவே, விதிகளை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு உறைய வைக்கும் ஒப்பந்தத்தை உள்ளாட்சியும் உரிமையாளரும் செய்துகொள்ளலாம் என்று 1979-இல் அங்கே சட்டம் வந்தது.

கேள்வி கேட்ட ஐயாவுக்கு இதில் உள்ள எச்சரிக்கை ஒன்றுதான்: ஆழ்துளைக் கிணற்றுக்கும் மண் பரிசோதனைக்கும் செலவிட்ட பணம், இந்தியாவில் எப்படியோ, கலிபோர்னியாவிலும் உங்களைக் காப்பாற்றியிருக்காது.

#8 — செங்கை வழக்கறிஞர்

பொறியாளரின் குறிப்பு பயனுள்ளது. நமது சட்டம் கலிபோர்னியாவின் பழைய நிலைக்கு நெருக்கமானது. அனுமதி கிடைத்த பிறகு நிலைமை மாறுகிறது. அப்போதும் நமது 1971 சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி அனுமதியைத் திரும்பப் பெறவோ மாற்றவோ அதிகாரம் உண்டு. ஆனால் அதற்குக் காரணம் சொல்லி ஆணை பிறப்பிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் திட்டச் சட்டத்தில் 51-ஆம் பிரிவு, வேலை கணிசமாக முன்னேறிய பிறகு அனுமதியைத் திரும்பப் பெறக் கூடாது என்றே சொல்கிறது. ஆகவே அனுமதியைக் கையில் வாங்கிய பின் அலமாரியில் வைத்துவிட்டு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருப்பது நல்லதல்ல. அனுமதிக்கும் செல்லுபடிக் காலம் உண்டு, அது கடந்தால் புதிய விதிக்குள் மறுபடியும் நுழைய வேண்டியிருக்கும்.

முடிச்சூர் அம்மையாரின் கருத்தோடு எனக்கு முரண்பாடு இல்லை. விதியை மாற்றும் அதிகாரத்தை யாரும் மறுக்கவில்லை. என் கவலையெல்லாம், மாற்றாமலேயே மாற்றிவிட்டது போல் நடப்பதைப் பற்றித்தான். ஏரிக்கு அருகே கட்டக் கூடாது என்றால் அதைத் துணிந்து விதியாக்க வேண்டும். அந்த விதி 11 சென்ட்காரரையும் 11 ஏக்கர்காரரையும் ஒரே நாளில் கட்டுப்படுத்த வேண்டும். வாய்மொழித் தடைக்கு அந்தக் குணம் கிடையாது. அது வரிசையில் நிற்பவரை மட்டும் நிறுத்தும்.

ஐயா, நீங்கள் செய்ய வேண்டியது: மூன்று குறைக் கடிதங்களின் நாள், அவற்றுக்கு நீங்கள் பதில் கொடுத்த நாள், கோப்பு எண், இணைப்புகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே தாளில் வரிசையாக எழுதி, இனி எந்தக் குறையும் நிலுவையில் இல்லை என்பதைக் குறிப்பிட்டு, நடைமுறையில் உள்ள விதிப்படி ஆணை பிறப்பிக்கக் கோரி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். கோப்பின் குறிப்புப் பக்கங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தனியே கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால், குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். ஹவுரா தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நீதிமன்றம் தரும் கெடு உங்கள் கோப்பை நகர்த்தும், ஆனால் விதியை நிறுத்தி வைக்காது. அதனால் அந்த மனுவை ஆறு மாதம் கழித்துப் போடுவதில் பொருளில்லை.

#9 — முடிச்சூர்வாசி

ஐயா, நீங்கள் அந்தக் கட்டடத்தைக் கட்டுவதாக இருந்தால், வண்டி நிறுத்தத் தளத்தில் மின் இணைப்புப் பெட்டியையும் மோட்டாரையும் தரையோடு வைக்க விடாதீர்கள். எங்கள் தெருவில் முதலில் போனவை அவைதான். வாகனம் நிற்கும் இடத்தைத் தவிர மற்ற இடங்களில் சிமென்ட் பூசாமல் மண்ணாகவே விடுங்கள்.

#10 — ஏரிக்கரைத் தெரு

அம்மா, குறித்துக்கொண்டேன். என் பொறியாளரிடம் சொல்லி, மின் பெட்டிகளை முதல் தளப் படிக்கட்டின் திருப்பத்துக்கு மாற்றி வரையச் சொல்லியிருக்கிறேன். அதற்காகத் திருத்திய வரைபடம் கொடுத்தால் விண்ணப்பம் புதியதாகக் கருதப்படுமோ என்று ஓர் அச்சம் வந்தது. வழக்கறிஞரிடம் தொலைபேசியில் கேட்டதில், அனுமதி வந்த பிறகு அந்தச் சிறு மாற்றத்தைப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது கோப்பைத் தொட வேண்டாம் என்றார்.

அவர் சொன்னபடி ஒரே தாளில் நாள்களை எழுதினேன். எழுதும்போதுதான் எனக்கே ஒன்று தெரிந்தது. 14 மாதங்களில், நான் பதில் தயாரிக்க எடுத்துக்கொண்டவை மொத்தம் 41 நாள்கள். மீதமெல்லாம் கோப்பு அங்கே இருந்த நாள்கள். திங்கட்கிழமை தபாலில் அனுப்பினேன். வியாழக்கிழமை பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் கையெழுத்தோடு வந்தது. இன்று காலை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. இடத்தை நேரில் பார்வையிட அடுத்த புதன்கிழமை வருகிறார்களாம். புதிய திட்டம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

#11 — செங்கை வழக்கறிஞர்

பார்வையிட வரும் நாளில் நீங்களும் பொறியாளரும் அங்கே இருங்கள். எல்லைக் கற்கள் நான்கும் தெரியும்படி புதரை வெட்டி வையுங்கள்; கல் தெரியவில்லை என்பது நான்காவது குறைக் கடிதமாக வர இடம் தராதீர்கள். வந்தவர் பார்வைக் குறிப்பில் கையெழுத்து கேட்டால், நாளையும் நேரத்தையும் உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். இன்று வந்த கடிதத்தின் உறையையும் தூக்கிப் போட வேண்டாம்.